புல்தரையில் ஒரு தொட்டில்

தொட்டில் சாஞ்சிருக்குது. இல்ல, நான் வேன் சீட்டுல ஒருக்களிச்சு உக்காந்திருக்கறதால அப்படித் தெரியுதோ என்னமோ. நிமிந்து உக்காந்து பாத்தாச்சு, கண்ணாடியத் தொடச்சுப் பாத்தாச்சு. சாஞ்சுதான் இருக்குது, இடது பக்கமா, ஒரு விரக்கடை. தெர்மாக்கோல்ல வெட்டுன யானை நேரா நிக்குது. மயிலு ரெண்டும் நேரா நிக்குது. வளையல் அடுக்கின கையாட்டம் வெட்டுன பெரிய கட்-அவுட் அதுவும் நேரா. 'இந்துவுக்கு வளைகாப்பு'ன்னு எழுத்து ஒவ்வொண்ணும் பிரேயருக்கு நிக்கற புள்ளைங்களாட்டம் வரிசையா நிக்குது. நட்டநடுவுல இருக்கற தொட்டில் மட்டும், போயும் போயும் தொட்டில். இந்த ஜெரினாகிட்ட எத்தன தடவ சொல்லியிருப்பேன், பின்னாடி கம்பி ரெண்டையும் குத்துனாப் பத்தாது, குத்திட்டு ஒரு தடவ கையில அசைச்சுப் பாரு, ஆடுனா எடுத்துட்டு ஜல்லியப் போட்டு மறுபடி குத்துன்னு. தலைய தலைய ஆட்டுவா. நாலு வருசமா என்கூடத் தொழில் பண்றா, கூட்டாளி, பாதிக்குப் பாதி, ஆனா அசைச்சுப் பாக்கறதுன்னா மட்டும் அவளுக்கு ஆகாது. இப்ப எங்க இருக்கறா, பீளமேட்டுல ஒரு குழந்தைக்குப் பொறந்தநாளு, ஸ்கூட்டர்ல சாமானக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. போன் அடிச்சா எடுக்கறதில்ல. எப்படி எடுப்பா, ரெண்டு கையிலயும் பலூன் இருக்கும். நானே போயிருந்தா இந்தக் கூத்தே இல்ல. எட்டு மணிக்கு ஜெரினா நட்டுட்டு இருந்தப்ப நான் இதே வேன்ல, இதே புங்க மரத்தடியில, கைய மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தேன். ஒரு கம்பியக்கூடத் தொடல. இறக்கறப்பக்கூட, நீயே இறக்கிக்கோன்னு சொல்லிட்டு அக்கட்ட திரும்பிக்கிட்டேன். ஜெரினா ஒரு பார்வை பாத்தா. உனக்குக் கிறுக்குத்தான் பிடிச்சிருக்கு அக்கான்னு சொல்லிட்டு, யானைய இழுத்துட்டுப் போனா.

கிறுக்குதான். இல்லாட்டி பெத்த பொண்ணு வளைகாப்பு எதிர்வீட்டுல நடக்கறப்ப ரோட்டுக்கு இந்தப் பக்கம் வேன்ல உக்காந்து புல்லப் பாத்துட்டு இருப்பனா. கொரியன் புல்லு, பாக்க மெத்தையாட்டம் இருக்கும், ஆனா அடியில என்ன இருக்குதுன்னு குத்துனாத்தான் தெரியும். சில வீட்டுல ஒரு சாண் மண்ணு, அதுக்குக் கீழ கட்டட இடிசல், கம்பி இறங்காது, கடப்பாரை வேணும். சில வீட்டுல தோட்டக்காரன் தண்ணிய விட்டுட்டே இருப்பான், மண்ணு களியா இருக்கும், கம்பி வெண்ணெயில போறாப்பல போகும், ஜெரினாவுக்குச் சந்தோசம், வேலை சீக்கிரம் முடிஞ்சதுன்னு. அப்படி வெண்ணெயாட்டம் போனாத்தான் பயப்படணும். சம்பந்தியம்மா வீட்டுப் புல்லுக்கு நடுவால தண்ணிக் குழாய் ஓடுது, அது எனக்குத் தெரியும், போன தடவையே பாத்தேன். போன தடவ. வேண்டாம், அத நெனைக்க வேண்டாம். தொழில நெனைக்கலாம். எங்க வீட்டுக்காரரு சென்னியப்பன் கட்-அவுட் வரையறவரு, கல்யாண மண்டப வாசல்ல ஆளுயரத்துக்கு மாப்பிள்ளை பொண்ணு நிக்குமே, அதெல்லாம் அவரு கைதான். அவரு தவறிப்போன பொறவு பட்டறையில ஒரு யானை மட்டும் பாக்கி இருந்துச்சு. பக்கத்து வில்லா வீட்டுப் பாப்பாவுக்குப் பொறந்தநாளுன்னு கேட்டாங்க, கொண்டுபோய் அவங்க புல்லுல நட்டுட்டு வந்தேன். அந்தப் பாப்பா ஸ்கூல் வேன்ல இருந்து இறங்கி யானையப் பாத்து அப்படியே நின்னுச்சு. பைய நழுவ விட்டுடுச்சு. அதுல ஆரம்பிச்சதுதான். 'சொல்லாம கொள்ளாம'ன்னு பேரு வெச்சது இந்துதான். ஏம்மா, நாம சொல்லாம கொள்ளாமத்தான போய் நட்டுட்டு வர்றோம், அதையே வெச்சுருன்னா. நல்ல பேரு. வீட்டுல ஆளு இல்லாத நேரமாப் பாத்துப் போகணும், நடணும், ஓடி வந்துரணும். அவங்க வந்து பாக்கறப்ப நாம அங்க இருக்கக் கூடாது. இந்தத் தொழிலு எனக்கு ஏன் இத்தனை பிடிச்சுப்போச்சுன்னு ரொம்ப நாளா எனக்கே தெரியல. ஒருநாள் ஒரு சீமந்த வீட்டுல பூசணிக்காய் அளவுக்கு பலூன் கட்டிட்டு இருக்கறப்பத்தான் பளிச்சுன்னு புரிஞ்சுது. இதுல யாரு கை பட்டதுன்னு யாருக்கும் தெரியாது. பொட்டு வெச்சவ கையா, வெக்காதவ கையான்னு யாரும் பாக்கறதில்ல.

யாரும் ஒண்ணும் சொல்லல, அதச் சொல்லியே ஆகணும். சம்பந்தியம்மா செல்வநாயகி தங்கமான மனுசி. ஏனுங்க, நீங்க முந்துன நாளே வந்துருங்கன்னுதான் போன்ல சொன்னாங்க. நான்தான் முந்திக்கிட்டேன். அன்னைக்குப் பாத்து ஒரு பெரிய ஆர்டர் இருக்குதுங்க சம்பந்தியம்மா, தட்ட முடியல, எங்க அண்ணனும் அண்ணியும் கட்டுச்சோறு கொண்டுட்டு வந்து எல்லாம் பாத்துக்குவாங்கன்னு. ஒரு ரெண்டு மூச்சு விடற நேரம் அவங்க பேசல. அப்புறம், சரிங்க, உங்க சௌகரியம்னாங்க. அந்த ரெண்டு மூச்சுல அவங்களுக்கு நிம்மதியா வருத்தமா, அதத்தான் நான் இன்னமும் உருட்டிட்டு இருக்கேன். யாராவது சொல்றதுக்கு முன்னாடியே நகந்துக்கறது எனக்குப் பழகிப்போச்சு. அண்ணன் பொண்ணு கல்யாணத்துல தாலியத் தட்டுல வெச்சு எல்லார்த்துகிட்டயும் நீட்டிட்டு வந்தாங்க, என் வரிசை வரறதுக்கு முன்னாடி எனக்குத் தண்ணி தாகம் எடுத்துருச்சு. எந்திரிச்சுப் போயிட்டேன். யாரும் போகச் சொல்லல. யாரும் கூப்புடவும் இல்ல. இந்துகிட்டயும் அதே பொய்யத்தான் சொன்னேன், பெரிய ஆர்டருன்னு. அவ கத்துவா, சண்டை போடுவா, அதுக்குப் பதில் சொல்ல நாலு வார்த்தை தயாரா வெச்சிருந்தேன். அவ "சரிம்மா"ன்னா. அவ்வளவுதான். சரிம்மா. பத்தாவது பரீட்சையில கணக்குல போச்சுன்னு தெரிஞ்சப்பக்கூட அப்படிச் சொன்னதில்ல. அந்த ஆர்டரே அவளோடதுதான்னு அவளுக்குத் தெரியாது. மாப்பிள்ளை கோகுல்தான் கேட்டாரு, அத்தை, இந்துவுக்கு ஒரு சர்ப்ரைஸ், வளையல் போட்டு முடிஞ்சதும் எல்லாரும் போட்டோ எடுக்க வெளிய வருவோம், அப்ப பாக்கணும், அதுவரைக்கும் நான் ஹால் திரைச்சீலைய இழுத்து விட்டுர்றேன்னு. சரிங்க மாப்பிள்ளைன்னேன். மனசுக்குள்ள குளுந்துபோச்சு. பொய்யும் நிஜமாயிருச்சு, தூரத்துல இருந்து அவ மூஞ்சியையும் பாத்துக்கலாம். எனக்கு அது போதும். சத்தியமா அது போதும்னுதான் கெளம்பி வந்தேன்.

இப்ப ரெண்டு விரக்கடை ஆயிருச்சா. காத்து வேற அடிக்குது. போன தடவ காத்து இல்ல, நல்ல வெயிலு. சரி, நெனைச்சுத் தொலைக்கறேன், நெனைக்காம விடாது போல. போன வருசம் இந்து காலையில போன் பண்ணி, அம்மா, நாள் தள்ளிப்போயிருக்கு, டாக்டரும் சொல்லிட்டாங்கன்னா. எனக்குக் கை கால் நிக்கல. வெளிநாட்டுல கொக்குதான் குழந்தையத் தூக்கிட்டு வருமாம், போன்ல படம் பாத்து வெட்டி வெச்சிருந்தேன், ஒரு ஆர்டருக்காக, வெள்ளைக் கொக்கு, மூக்குல துணி மூட்டை. அத்தனையையும் வேன்ல அள்ளிப் போட்டுட்டு வந்து இதே புல்லுல நட்டேன். இந்தக் கையால. இந்து வேலையில இருந்து வந்து பாத்துட்டு சிரிச்சா, அழுதா, ஒவ்வொரு கொக்கையும் கட்டிப் பிடிச்சு போட்டோ எடுத்தா. சம்பந்தியம்மாகூட சிரிச்சாங்க, ஆனா கொக்கெல்லாம் இப்பவே எதுக்குங்க, மூணு மாசம்கூட ஆகலயேன்னாங்க. அடுத்த வாரம் ஆஸ்பத்திரி. கரு நிக்கல. டாக்டரம்மா என்னைய உக்கார வெச்சுச் சொன்னாங்க, இது யாராலயும் இல்லம்மா, இப்படிப் பலபேருக்கு ஆகும்னு. கேட்டுக்கிட்டேன். காதுதான் கேட்டுச்சு. வராந்தாவுல சம்பந்தியம்மா என் பக்கத்துல உக்காந்து, அடுத்த தடவ யாருக்கும் சொல்லாம வெச்சுக்கலாமுங்கன்னாங்க. யாருக்கும். அந்த யாருக்கும்ல நானும் உண்டா. கண்ணத் தொடச்சுக்கிட்டேதான் சொன்னாங்க, கெட்ட எண்ணம் இல்ல, ஆனா யாருக்கும்னா யாருக்கு. வீட்டுக்குப் போயி கொக்கையெல்லாம் பின்னாடி போட்டுக் கொளுத்துனேன். தெர்மாக்கோல் எரியற நாத்தம் ஒரு வாரம் தலைமுடியில இருந்துச்சு. ஜெரினா வந்து பாத்துட்டுத் திட்டுனா, கொக்கு என்ன அக்கா பண்ணுச்சுன்னு. கொக்கு ஒண்ணும் பண்ணலடி. நட்ட கையக் கொளுத்த முடியாதே, அதுக்குத்தான்.

அதனாலதான் இந்தத் தடவ தொடல. ஏழு மாசமா அவளத் தொட்டுக்கூடப் பேசல, தள்ளி நின்னே பேசறேன், வயித்துல கை வெச்சுப் பாரும்மா, உதைக்குதுன்னா, கையில மாவு இருக்குது சாமின்னேன். மாவெல்லாம் ஒண்ணும் இல்ல. தொட்டில் இப்ப நல்லாவே சாஞ்சிருச்சு. எல்லாரும் வெளிய வர்ற நேரமாயிருச்சு. கதவு தொறக்கும், பட்டுச்சேலையா வருவாங்க, அண்ணி வருவா, கோகுலோட பெரியம்மா, சித்தி, அத்தனை ஒறம்பரையும் படியில வரிசையா நிப்பாங்க, நடுவால இந்து, கண்ணு நெறைய இதப் பாப்பா, அவங்க பாத்துட்டு இருக்கறப்பவே தொட்டில் குப்புற விழும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதுதான் பயம். ஒரே ஒரு நிமிசம் யாரும் ஒண்ணும் சொல்லாம இருப்பாங்க, அத இந்து பிரசவம் வரைக்கும் சுமப்பா. மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன், போட்டோகிராபர்கிட்ட மாட்டியிருப்பாரு, எடுக்கல. கேட்டுல வாட்ச்மேன் இருக்கறான், அவன் அங்கிருந்து நகந்தா இன்னொருத்தர் வேணும். பார்சல் கொடுக்கற தம்பி ஒருத்தன் பைக்குல வந்தான். வெக்கத்த விட்டுட்டு ஜன்னல்ல தலைய நீட்டி, தம்பி, அந்தத் தொட்டில மட்டும் கொஞ்சம் அமுத்தி விட்டுட்டுப் போறயான்னு கேட்டேன். அவன் தொட்டிலப் பாத்தான், என்னையப் பாத்தான், அக்கா, உங்களுக்குக் கை நல்லாத்தான இருக்குதுன்னு கேட்டுட்டுப் போயிட்டான். நல்லாத்தான் இருக்குது. கையப் பாத்தேன். கம்பி பிடிச்சு காய்ச்சுப்போன கை, பெயிண்ட் போகாத நகம். இதால அமுத்துனா ஆகாது, அமுத்தாம விட்டா விழும். தொட்டாலும் குத்தம், தொடாட்டியும் குத்தம். அடப் போடி வசந்தாமணி, விழப்போறது உம்பொண்ணு தொட்டிலு.

இறங்கிட்டேன். பின்கதவத் தொறந்து ஜல்லி வாளியையும் சின்னக் கடப்பாரையையும் எடுத்தேன். ரோட்டத் தாண்டறப்ப செருப்பு சத்தம்கூட பெருசா கேட்டுச்சு, கழட்டி கையில பிடிச்சுக்கிட்டேன், திருட வந்தவளாட்டம். உள்ள பாட்டுப் பாடறாங்க, அண்ணியோட குரலு, கட்டைக் குரலு, எங்க இருந்தாலும் தெரியும். புல்லுல கால் வெச்சதும் தெரிஞ்சுபோச்சு. சொதசொதன்னு ஈரம். குழாயில எங்கியோ கசிவு, தொட்டிலுக்கு நேர் கீழ. குந்தி உக்காந்து கம்பியப் பிடிச்சேன். பிடிச்ச அந்த நிமிசம் நெஞ்சு அடிச்ச அடி, சாமி, சாமின்னுட்டேன். அப்புறம் ஒண்ணும் ஆகல. கம்பி கம்பியாத்தான் இருந்துச்சு. ரெண்டையும் உருவி, குழியில இருந்து சேத்தத் தோண்டிப் போட்டேன், வலது குழியில ஜல்லியக் கொட்டி இடிச்சேன், கம்பிய இறக்குனேன். கை வேலை செய்ய ஆரம்பிச்சா மனசு கொஞ்சம் வாய மூடும். இந்துவுக்குத் தூளி கட்டுனது பட்டறை உத்தரத்துல. கீழ அவரு பெயிண்ட் அடிச்சிட்டு இருப்பாரு, ஒரு கையில பிரஷ்ஷு, ஒரு கால் கட்டைவிரல்ல தூளிக் கயிறு, ஆட்டிட்டே வரைவாரு. ஒருநாள் நீலப் பெயிண்ட் குழந்தை நெத்தியில தெறிச்சுருச்சு. மண்ணெண்ணெய் தடவலாமா கூடாதான்னு ரெண்டு பேரும் பயந்து நடுங்கி, தேங்காயெண்ணெய் போட்டுத் தேச்சு, அது முழுசாப் போக ரெண்டு நாளாச்சு. அப்ப யாரும் யாரு கையும் பாக்கல. அவரு கை, என் கை, எல்லாம் எண்ணெயும் பெயிண்ட்டும்தான். இடது குழிக்கு ஜல்லி அள்ளப் போறப்ப பாட்டு நின்னுருச்சு. கதவு தொறக்கற சத்தம்.

நான் எந்திரிக்கல. எந்திரிக்கத் தோணல, வாளிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கலாமான்னுதான் தோணுச்சு. இந்து மட்டும் வந்தா. வயித்தத் தாங்கிப் பிடிச்சுட்டு, பச்சைப் பட்டு, கன்னமெல்லாம் சந்தனம், ஒவ்வொரு படியாப் பாத்துப் பாத்து இறங்கினா. யானையப் பாக்கல, மயிலப் பாக்கல, நேரா என்கிட்ட வந்தா. பெரிய ஆர்டருன்னயே, இதுதானான்னு கேட்டா. நான் சேத்துக் கையோட அவள அண்ணாந்து பாத்தேன். எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டேன். திரைச்சீலைய இழுத்து விட்டா எதோ இருக்குதுன்னு தெரியாதா, நான் யாரு பொண்ணு, காலையில இருந்து திரைச்சீலை இடுக்கு வழியா வேனப் பாத்துட்டுத்தான் இருக்கேன்னா. பின்னாடியே சம்பந்தியம்மா, கையில வளையல் தட்டு. படியில அண்ணி, பெரியம்மா, எல்லாரும் வந்து நின்னுட்டாங்க. சம்பந்தியம்மா மூச்சு வாங்கிட்டே, நான் எவ்வளவு சொல்லியும் கேக்கலைங்க, வலது கைக்கு எல்லாரையும் போட விட்டா, இடது கைய மடியில வெச்சு மூடிக்கிட்டா, இது எங்கம்மாவுதுன்னு, அத்தன பேரும் காத்துட்டு உக்காந்திருக்கோம்னாங்க. அந்த ரெண்டு மூச்சுல என்ன இருந்துச்சுன்னு நான் இனிமேத்தான் கேக்கணும், கேட்டா சொல்லுவாங்கன்னு அவங்க மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சுது. இந்து இடது கைய நீட்டுனா. வெறும் கை. கொஞ்சம் வீங்கியிருந்துச்சு.

"கையெல்லாம் சேறு, சாமி."

"பரவாயில்ல. போடு."

சேலையில தொடச்சேன், சேலையும் சேறாச்சு, கை அப்படியேதான் இருந்துச்சு. தட்டுல இருந்து பச்சை வளையல் ஒண்ண எடுத்தேன். கண்ணாடி. உடைஞ்சா போச்சு. வீங்குன கைக்கு எப்படிப் போடறதுன்னு கைக்கே தெரிஞ்சிருந்துச்சு, அவ சின்னதுல திருவிழாவுல அழுது அழுது போட்டுக்குவாளே, கட்டைவிரல உள்ளங்கையில மடக்கி, முட்டிய மெதுவா அமுத்தி, மூச்ச விடச் சொல்லி. விட்டா. போயிருச்சு. அடுத்தது சிவப்பு. அதுவும் போயிருச்சு. அவ மணிக்கட்டு சூடா இருந்துச்சு, நாடி துடிக்கறது என் விரலுக்குத் தெரிஞ்சுது. ஏழு மாசமா இதத் தொடாம எப்படி இருந்தேன். மூணாவது வளையல எடுக்கறப்ப முதுகுக்குப் பின்னாடி பொத்துன்னு சத்தம்.

திரும்பிப் பாக்க வேண்டியதே இல்ல. ஒரு கம்பிக்கு ஜல்லி போட்டுட்டு ஒண்ண விட்டா விழத்தான் செய்யும். தொட்டில் குப்புறக் கெடந்துச்சு. படியில ஒருத்தரும் பேசல. நான் பயந்த அதே நிமிசம், அதே மாதிரி, அத்தன பேரும். இந்துவோட விரல் என் மணிக்கட்ட இறுக்கிப் பிடிச்சுச்சு. அவ தொட்டிலப் பாக்கல, என் மூஞ்சியத்தான் பாத்தா. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, இவளும் இத்தன நாளா பயந்துட்டுத்தான் இருந்திருக்கா, ஒத்தையா. நான் தள்ளித் தள்ளிப் போனதப் பாத்துப் பாத்து இன்னும் பயந்திருக்கா. என் மூஞ்சியில என்ன தெரியுதோ அதத்தான் அவ நம்பப்போறா. நான் மூஞ்சியத் திருப்பிக்கல.

"ஈர மண்ணு, சாமி. குழாய் கசியுது. வேற ஒண்ணுமில்ல."

"வேற ஒண்ணுமில்லயாம்மா?"

"ஒண்ணுமே இல்ல."

அவ என் மணிக்கட்ட விடல. "அப்பவும்?"

டாக்டரம்மா சொன்னது இப்பத்தான் காதத் தாண்டி உள்ள போகுதாட்டம் இருந்துச்சு.

"அப்பவும்தான்."

சம்பந்தியம்மா வளையல் தட்டப் புல்லு மேல வெச்சாங்க. பட்டுச்சேலைய முழங்காலுக்கு மேல தூக்கிச் செருகிட்டு, தொட்டில நிமித்திப் பிடிச்சுக்கிட்டு, எந்தப் பக்கம் அமுத்தணும்னு கேட்டாங்க. அப்படியில்லீங்க சம்பந்தியம்மா, அமுத்துனா மறுபடி சாயும், நீங்க பிடிச்சுக்குங்க, மொதல்ல குழிய ரொப்பணும்னு சொல்லிட்டு, ரெண்டு கையிலயும் ஜல்லிய அள்ளினேன்.